எங்கள் ஒத்தி வீட்டில் இன்னொருவர் காய்ச்சிய பால்

நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு, நீங்கள் பல் விளக்குவதற்குள், வேறொரு குடும்பம் பால் காய்ச்ச வந்து நின்றிருக்கிறதா? எங்களுக்கு வந்து நின்றது. போன வருஷம், ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, திண்டுக்கல் பேகம்பூரில்.

மாடி வீடு. ஒத்திக்கு எடுத்தது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி பண்ணும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். அப்பா எங்களுக்கு விட்டுப்போனது அந்தத் தொகை ஒன்றுதான். கீழே ஓனர் பாய், தோல் வியாபாரி. மேலே அம்மாவும் நானும். அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவும் நிறைமாத வயிற்றோடு இருந்தாள்.

ஆனியோடு ஒத்தி முடிகிறது. பாய் நீட்டித்துத் தருவார் என்று அசால்ட்டாக இருந்துவிட்டோம். புரோக்கர் ஒருத்தர் கூடுதல் தொகைக்கு வேறு பார்ட்டியைப் பிடித்துவிட்டார். ஆடியில் நம்ம ஊரில் யார் வீடு மாறுவார்கள்? அதனால் ஆனிக்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம்.

நாகல் நகரில் ஒரு வீடு பார்த்தோம். காற்று, வெளிச்சம், எல்லாம் செம. அந்த ஓனரம்மாவுக்கு அக்கா வயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது. "பிரசவம் முடிஞ்சு வாங்கம்மா. குடி வந்ததும் தீட்டு வேணாம்." அதற்கப்புறம் அக்காவை எங்கேயும் கூட்டிப் போகவில்லை.

நான் பி.காம். வாய் கொஞ்சம் நீளம். மொபைலில் வக்கீல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, கீழே இறங்கிப்போய் பாயிடம் பாயிண்ட் பாயிண்ட்டாக எடுத்துவிட்டேன். மனுஷன் டீயை உறிஞ்சிக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

"முடிஞ்சுச்சா பாப்பா? ரெண்டு வருசம்னு ஒங்கம்மா கையெழுத்துப் போட்ருக்காங்கள்ல? இனி எதுன்னாலும் புரோக்கர்ட்ட பேசிக்க."

புரோக்கர் வேறு கணக்கோடு வந்தார். "தங்கச்சி, வியாழக்கெழம சாமானத் தூக்கிருங்க. வெள்ளிக்கெழம அவங்க பால் காய்ச்சிட்டுக் காசு குடுப்பாங்க. அத வாங்கி பாய் ஒங்களுக்குத் தருவாரு."

"அதுவரைக்கும் எங்கக்கா எங்கண்ணே படுப்பா? ஒங்க ஸ்கூட்டர்லயா?"

"ஒரு நாள்தான தங்கச்சி... ஒரு நம்பிக்கைல..."

அம்மா தலையாட்டப் போனார். நான் குறுக்கே விழுந்தேன். காசு கைக்கு வராமல் ஒத்தி வீட்டுச் சாவியைக் கொடுத்தால் அதற்கப்புறம் நாய் மாதிரி அலைய வேண்டியதுதான். "மொதல்ல காசு, அப்புறம் சாவி. போய்ச் சொல்லுங்கண்ணே." சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பில் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் கதவு தட்டும் சத்தம். நைட்டியும் பரட்டைத் தலையுமாகத் திறந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, கையில் பால் பாத்திரம். பக்கத்தில் சாமி படத்தோடு அவர் வீட்டுக்காரர். பின்னால் படிக்கட்டு முழுக்கச் சொந்தக்காரர்கள். எல்லோருக்கும் கடைசியில், பாதி தெரிந்தும் தெரியாமலும் புரோக்கர்.

"யாரும்மா நீ? இது நாங்க வர்ற வீடு."

"இது நாங்க இருக்குற வீடுக்கா."

வீட்டுக்காரர் திரும்பினார். "ஏண்ணே, காலியா இருக்குன்னீங்க?"

"செத்த நேரத்துல காலி பண்ணிருவாங்க..."

"செத்த நேரமா? எங்க பீரோவ நகத்தவே ஆறு ஆளு வேணும்ணே!" என்றேன்.

சத்தம் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "யாருடி காலங்காத்தால?"

அந்த அம்மா அவள் வயிற்றைப் பார்த்தார். பால் பாத்திரத்தை வீட்டுக்காரர் கையில் திணித்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு புரோக்கர் பக்கம் திரும்பினார்.

"யோவ், நெறமாசப் புள்ளையத் தெருவுல விட்டுட்டு அந்த எடத்துல நான் பால் காய்ச்சவா? பொங்குமாய்யா அது?"

பாய் மேலே வந்தார். வெளியூர் போயிருந்தவர், அப்போதுதான் ஊருக்கு வந்து தொழுதுவிட்டு நேராக வந்திருக்கிறார். "இவங்களுக்கு நாகல் நகர்ல வீடு அமைஞ்சிருச்சுன்னு சொன்னியேப்பா?" என்று புரோக்கரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

"எங்கக்கா வயித்தப் பாத்துட்டு அங்க வேணாம்னுட்டாங்க பாய்," என்றேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அம்புட்டு சட்டம் பேசுனியே பாப்பா. இத ஒரு வார்த்த சொன்னியா?"

வக்கீல் வீடியோ எதிலும் இந்தப் பாயிண்ட் வரவில்லை.

அந்த அம்மா பால் பாத்திரத்தை வீட்டுக்காரரிடமிருந்து திரும்ப வாங்கினார். "ஒரு வீட்டுக்குன்னு எடுத்துட்டு வந்த பாலத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. அடுப்பு எங்கம்மா இருக்கு?" நேராக எங்கள் சமையலறைக்குள் போய்விட்டார். பால் பொங்கி வழிந்ததும் படிக்கட்டு வரைக்கும் குலவைச் சத்தம். முதல் டம்ளர் அக்காவுக்கு. அடுத்தது பாய்க்கு.

பாய் ஒரு வாய் குடித்தார். "பால் காய்ச்சியாச்சுல்ல? அப்பப் புது ஒத்திதான். இன்னைலேருந்து ரெண்டு வருசம்."

"அதே தொகைக்கா பாய்?"

"அதே தொகைக்குத்தான்."

"எழுதித் தருவீங்கள்ல?"

அம்மா என்னைக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது. பாய் சிரித்துவிட்டார். "தாரேன் வக்கீலம்மா, தாரேன்!"

விசில் அடிக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "சாமானெல்லாம் வண்டில ஏத்தியாச்சே. இனி ஆடி முடிஞ்சுதான்."

எனக்குப் பளிச்சென்றது. நாகல் நகர் ஓனரம்மாவுக்கு போன் போட்டேன். "ஆன்ட்டி, வீடு இன்னும் சும்மாதான் இருக்கா? கர்ப்பிணி யாரும் இல்லாத குடும்பம் ஒன்னு ரெடி. இன்னைக்கே வாரோம்."

வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கையில் கொண்டுவந்திருந்த தொகையும் தோதாக இருந்தது. ராகு காலத்துக்கு முன்னால், புதுப் பாக்கெட் பால் அங்கேயும் பொங்கியது. புரோக்கர் ஆட்டோ பிடித்து வந்து "கமிஷன்..." என்று ஆரம்பித்தார்.

"இந்த டீல முடிச்சது நான்ணே," என்றேன். கெத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நான் படித்துவிட்டுப் போன அத்தனை பாயிண்ட்டும் தோற்ற இடத்தில், முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் நல்ல நாளையே விட்டுக்கொடுத்து எங்களை ஜெயிக்க வைத்தார் என்பதை எந்த வெள்ளிக்கிழமையிலும் நான் மறப்பதில்லை. இப்போது அக்கா மகள் தொட்டிலில் தூங்குகிறாள். கீழே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தோடு இறங்க வேண்டும்.