ஹித்தா-ஹித்தா: தொட்டு நிற்கும் தண்ணீர்

நிரஞ்சலாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பூசணிக்காயில்தான் தொடங்க வேண்டும். சிரிக்காதீர்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில், கடைகளுக்கு ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் சமையற்கூடம் ஒன்றில், ஏழு வருடங்களாக நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நிற்கிறோம். நான் கிறேஸ், திருகோணமலை. அவள் மட்டக்களப்பு, நாவலடி. மீன் வெட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. பூசணி மட்டும் அவள் கைக்கு வராது. ஒவ்வொரு முறையும் களியாகிவிடும்.

எங்கள் தலைமைச் சமையற்காரன் தக்காஷி, எங்களைவிடப் பதினைந்து வயது இளையவன். ஏச்சு என்பதே தெரியாத பிள்ளை. நானாக இருந்தால் அகப்பையால் போட்டிருப்பேன். அவன் சட்டியை எட்டிப் பார்த்து, மெதுவாக “ஹித்தா-ஹித்தா” என்பான். அளவுக் கோப்பை தர மாட்டான். தண்ணீருக்கு அந்தச் சொல்தான் அளவு. துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, அவற்றின் தலையைத் தொடும்வரை தண்ணீர் விட வேண்டும். தலை சற்றே வெளியே தெரிய வேண்டும். மூழ்கவும் கூடாது, குறையவும் கூடாது.

நிரஞ்சலாவோ சட்டிக்குள் விரலை விட்டு, துண்டுக்கு மேலே ஒரு விரல் கணு வரும்வரை ஊற்றுவாள். நாங்கள் சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும் கணக்கு. பழக்க தோஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். “அடியேய், இது சோறில்ல, பூசணி!” என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நல்லாய்த் தலையாட்டுவாள். மறுநாளும் விரல் கணுதான்.

போன நவம்பரில் ஒரு மத்தியானம் தக்காஷிக்கு வேலை குறைவு. தன் பாட்டில் அந்தச் சொல்லை எங்களுக்கு விளங்கப்படுத்தினான். சமையலுக்கு மட்டுமல்லவாம். அவனுடைய ஊர் கடற்கரையோரம். அலை அடிக்காமல், ஓசை காட்டாமல், தண்ணீர் வந்து வாசற்படியைத் தொட்டுத் தொட்டு நின்றால் அதையும் ஹித்தா-ஹித்தா என்பார்களாம். எங்களிடமும் இரட்டைச் சொற்களுக்குக் குறைவில்லை. சலசல, குபுகுபு, மளமள என்று ஓடுகிற தண்ணீருக்கு எத்தனையோ உண்டு. இப்படிச் சத்தம் போடாமல் வந்து நிற்கிற தண்ணீருக்கு ஒன்று எனக்கு உடனே வாயில் வரவில்லை.

“அது அதுக்கு மேல வராதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்று நிரஞ்சலா கேட்டாள். தமிழில் கேட்டாள். தக்காஷிக்கு விளங்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அடுப்பை நிறுத்திவிட்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்விட்டாள்.

பின்னால் போனேன். அங்கே கிடந்த நீள வாங்கின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். மார்ச்சில் பனி உருகி நடைபாதையில் தண்ணீர் தேங்கும்போது பஸ் தரிப்பிடத்திலும் இப்படித்தான் காலைத் தூக்கிக்கொண்டு இருப்பாள். சப்பாத்தில் பாசம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். என் வாயை என்ன செய்வது.

“கிறேஸ், மூழ்கினதப் பார்க்கலாம். மூழ்கப் போறதத்தான் பார்க்கேலா,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சுனாமியன்று காலை முதலில் வந்த தண்ணீர் பெரிதாக ஒன்றுமில்லை. முற்றத்தைக் கடந்து வந்து வாசற்படியைத் தொட்டு நின்றது. தங்கை தவமலர் ஓடுவோம் என்றாள். இவள்தான், “நிண்டிட்டு, இனி வராது” என்று சொல்லி, அரிசி மூட்டையை மேசைமேல் தூக்கி வைக்க உள்ளே போனாள். இரண்டாவது தண்ணீர் வந்தபோது தங்கை வாசலில் நின்றாள். நிரஞ்சலா ஒரு தென்னையில் சிக்கிக் கிடந்து பிழைத்தாள். அன்றிலிருந்து தண்ணீர் எதையாவது தொட்டு நிற்பதைக் கண்டால், வாசலில் யாரோ நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தங்கையின் கணவர் கனகசிங்கம் அப்போதே மொன்றியலில் இருந்தார். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். அன்று காலை அவர் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். தன் அழைப்புக்குக் காத்து நின்றதால்தான் மனைவி செத்தாள் என்று ஒவ்வொரு நினைவு நாளிலும் சொல்லி அழுவார். நிரஞ்சலா வாயைத் திறப்பதில்லை. கலியாணம் கட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தாள். கட்டியவன் ரொறொன்ரோவுக்குப் போனவன் போனவன்தான். சொந்தமென்று போய்வர அவளுக்கு இருப்பது கனகசிங்கத்தின் வீடு ஒன்றே.

“சொல்லிப்போடு. அந்த மனிசன் செய்யாத குற்றத்தச் சுமக்குது,” என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

“சொன்னா அந்த வாசல் எனக்கு இல்லாமப் போயிடும் கிறேஸ்.”

ஆனாலும் டிசம்பர் இருபத்தாறு காலையில், “காரைக் கொண்டு வா, நீயும் கூட இரு” என்று அவளே தொலைபேசி எடுத்தாள்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர் வீட்டில் தவமலரின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்திருந்தது. கனகசிங்கம் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு, “என்ட ரெலிபோன் கோலுக்கெண்டு நிண்டவ...” என்று தொடங்கினார்.

“இல்ல மச்சான்,” என்றாள் நிரஞ்சலா. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். படி, தண்ணீர், தான் சொன்ன வார்த்தை, அரிசி மூட்டை. ஒன்றையும் குறைக்கவில்லை. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

“தெரியும் மச்சாள். அண்டைக்கு நான் கோல் எடுத்தனான். அவ கதைச்சவ. வாசல்ல தண்ணி வந்து நிக்கி, ஓடவோ எண்டு கேட்டா. அக்கா என்ன சொல்லுறா எண்டன். இனி வராது எண்டு சொல்லுறா எண்டா. அப்ப அக்கா சொல்லுறதக் கேளு எண்டு நான்தான் சொன்னன்.”

“இவ்வளவு வருசமா ஏன் சொல்லல்ல?” என்று நிரஞ்சலா கேட்டாள்.

“சொன்னா, நீங்க சொன்னது எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும். பிறகு நீங்க இஞ்ச வரமாட்டீங்க.”

நிரஞ்சலா தரையில் இருந்துவிட்டாள். கர்ப்பூரம் அணைந்துவிட்டது.

“தங்கச்சி பயந்தவளா?” என்று கேட்டாள்.

“முதல் பயந்தா. பிறகு உள்ளுக்கிருந்து உங்கட குரல் கேட்டது. அதுக்குப் பிறகு சிரிச்சவ. அதோட லைன் போயிட்டு.”

“நான் என்ன சொன்னன்?”

“பயப்படாத புள்ள, நான் இரிக்கன் எண்டு.”

நிரஞ்சலாவுக்கு அதைச் சொன்ன நினைவே இல்லை.