சுத்தியலும் பருவும்

என் அக்கா புருஷனை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். விபத்தில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் பட்டறை அவருடையது. அங்கே பெயின்ட் அடிப்பது நான். மாமாவுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது, உதைக்கத்தான் தெரியும். கோபம் வந்தால் வீட்டு இரும்பு பீரோவில் ஒரு குத்து விழும். மறுநாள் காலையில் அந்தப் பள்ளத்தை அவரே உள்ளிருந்து தட்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டுத்தான் பட்டறைக்கு வருவார்.

“அடிக்கிற கைதான்டா அணைக்கும்” என்பாள் அக்கா.

“பீரோவைத்தானேக்கா அணைக்கிறாரு?” என்பேன் நான்.

ஆனால் மகள் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை. பதினாறு வயதாகியும் அவள் அவருக்குப் ‘பாப்பா’தான். அந்தப் பாப்பாவுக்குக் கன்னம் முழுக்கச் சீழ் வைத்த பருக்கள். பள்ளியில் ஒரு பையன் அவளை ‘ஜல்லி ரோடு’ என்றானாம். மாமா அவன் வீட்டு வாசலுக்கே போய், நின்ற சைக்கிளைக் காலால் மிதித்து மடக்கிவிட்டு வந்தார். சைக்கிள் மடங்கியது, பரு மடங்கவில்லை. அக்கா அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டிலேயே மாமா ஆரம்பித்துவிட்டார்.

“முகத்துல வர்றதுக்கு வயித்துக்கு எதுக்குடி மருந்து? கிட்னி போயிடும்னு பட்டறையில எல்லாரும் சொல்றாங்க.”

“பட்டறையில எத்தனை பேரு டாக்டருக்குப் படிச்சிருக்காங்க?” என்றாள் அக்கா.

“துருப்பிடிச்ச கதவுக்கு நான் என்ன மருந்தா ஊத்துறேன்? உப்புத்தாளை வச்சு சுரண்டுனா போச்சு!”

பாப்பா தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நெஞ்சு எரிகிறது என்று அழுதாள். வாந்தியில் நூலாக ரத்தம் தெரிந்தது. மாமா மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் பாய்ந்தார். பின்னாலேயே நான் ஓடினேன். அங்கே அவர் உதைத்த நாற்காலி சுவரில் போய் மோதி உடைந்தது.

“என் பொண்ணைக் கொல்லப் பாக்கறியா?”

மேசைக் கண்ணாடியில் குத்து விழுந்து, அது நொறுங்கியது. அவர் கையிலிருந்து ரத்தம் கொட்டியது. டாக்டரம்மா எழுந்திருக்கவேயில்லை.

“மாத்திரையை எப்படி முழுங்குனா? தண்ணி குடிச்சாளா? உடனே படுத்துட்டாளா?”

இடி முழங்கும்போது யார் பேச்சு காதில் விழும்? இன்னொரு குத்து. கிளினிக் ஆட்கள் எங்கள் இருவரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். என்னை எதற்குத் தள்ளினார்கள் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

ரத்தம் வழிகிற கையோடு பட்டறைக்குப் போய், மாத்திரை அட்டையை இரும்புக் கட்டை மேல் வைத்து, பெரிய சுத்தியலால் மாவாகும்வரை அடித்தார். பிறகு வீட்டுக்கு வந்து பீரோவில் ஒன்று விட்டார்.

“இனிமே இந்த வீட்டுல மாத்திரைன்னு எவளாவது வாயைத் திறந்தா பல்லைத் தட்டிடுவேன்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. ஒரே உதையில் தாழ்ப்பாள் தெறித்தது.

பாப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயில் துண்டைக் கடித்திருந்தாள். கையில் நாங்கள் துரு எடுக்கிற முரட்டு உப்புத்தாள். இரண்டு கன்னத்திலும் தோல் இல்லை. ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்தது. இன்றைக்கும் அந்தத் தாளைக் கண்டால் எனக்குக் குமட்டுகிறது.

மாமா அவளைத் தூக்கிக்கொண்டு அதே கிளினிக்குக்கு ஓடினார். மேசை மேல் புதுக் கண்ணாடி இன்னும் போடவில்லை. டாக்டரம்மா புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்.

“தண்ணியில்லாமதான் முழுங்குவேன். முழுங்கிட்டுப் படுத்துடுவேன்” என்றாள் பாப்பா.

“அது தொண்டையிலயே நின்னு புண்ணாக்கிடுச்சு. அன்னைக்கே இதைத்தான் கேட்டேன்.”

மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

தொண்டை ஆறிய பிறகு மறுபடி மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் மாமாவே டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். அவள் சாயாமல் இருக்கிறாளா என்று எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிறார். பீரோவில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

நேற்று மாத்திரையை விழுங்கிவிட்டு, தழும்பைத் தடவிக்கொண்டே பாப்பா கேட்டாள்.

“அப்பா, நான் எண்பதாம் நம்பர் முரட்டுத் தாளை எடுத்துட்டேன். கன்னத்துக்கு நைஸ் தாள்தானே போட்டிருக்கணும்?”

மாமா டம்ளரை மறுபடி நிரப்பி அவள் பக்கம் நகர்த்தினார். விளிம்புவரை ஊற்றிய தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது.