புருசனுக்குக் கதிரை போட்டவர்கள்

யுத்த காலத்தில் ஒருமுறை, குடல்வால் ஒப்பரேசன் முடிந்து திருகோணமலை ஆசுப்பத்திரி ஒன்றில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி. துறைமுகப் பக்கம் மீன் காயவைக்கும் வாடியில் வேலை செய்தவள். ஹெரோயின் ஊசி ஏற்றி ஏற்றி அவளுடைய கைமடிப்புச் சீழ் பிடித்திருந்தது. அந்த நாற்றம் தாங்காமல் நானும் மற்றப் பக்கம் திரும்பித்தான் படுத்தேன்.

அவளுக்கு எச்.ஐ.வி. என்று இரத்தப் பரிசோதனையில் வந்ததை, அவளுக்குச் சொல்ல முதலே வாட்டில் கிடந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்தவள் தட்டை நிலத்தில் வைத்துக் காலால் தள்ளினாள். அவள் சாப்பிட்டதைச் சத்தி எடுத்த விரிப்பை ஒருவரும் மாற்றவில்லை. அது காய்ந்து ஈ மொய்த்தது. தாதிமார் அதைப் பார்த்தபடியே தேத்தண்ணி குடித்தார்கள்.

பின்னேரம் அவளுடைய புருசன் வந்தான். மடிப்புக் குலையாத முழுக்கைச் சட்டை. தாதி ஓடிப்போய் அவன் இருக்கக் கதிரை போட்டாள்.

"மானத்தை வாங்கிப்போட்டாள், மிஸ்ஸி" என்று தாதியிடம் கண்ணைக் கசக்கினான்.

"பாவம் மனுசன்" என்றார்கள் தாதிமார்.

அவள் படுத்தபடியே சொன்னாள்: "எனக்கு முதல் ஊசி ஏத்தினதே இவர்தான். தனக்கு ஏத்தின ஊசியைத்தான் எனக்கும் குத்துவார். தூள் முடிஞ்சால் கண்ட ஆம்பிளையளிட்டையும் அனுப்புவார். இவரின்ரை இரத்தத்தையும் எடுத்துப் பாருங்கோ."

"வாயை மூடும்" என்று தாதி அவளைத்தான் அதட்டினாள்.

போகமுதல் அவன் சட்டைக் கையை மடித்து, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினான். கை முழுக்க ஊசித் தழும்பு.

"மிஸ்ஸி, அவரின்ரை கையைப் பாருங்கோ" என்றேன்.

"நீங்கள் பேசாமல் படுங்கோ" என்று தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் சாம்பல்தீவிலிருந்து அவளுடைய தங்கச்சி வந்தாள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து வைத்திருந்ததால் வந்துசேர மத்தியானமாகிவிட்டது. வந்தவள் வாளியில் தண்ணீர் அள்ளி அக்காவைத் துடைத்து, விரிப்பைத் தானே தோய்த்தாள்.

"பயமில்லையோ தங்கச்சி?" என்று கேட்டேன்.

"பயந்தான். அதுக்காக இப்பிடியே விடேலுமோ?"

அக்காவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அந்த மாரி முடியமுதல் அக்கா செத்துவிட்டாள். புருசன் செத்தவீட்டுக்கும் போகவில்லை.

பிறகு தங்கச்சியை பஸ் நிலையத்தில் கண்டேன். அவன் வேறு கலியாணம் செய்யப் போகிறான் என்று கேள்விப்பட்டு, பெண் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னாளாம். "எரிச்சலில் கதை கட்டுறாய்" என்று துரத்திவிட்டார்களாம். கலியாணம் நடந்தது. கதிரை போட்ட தாதியும் பந்தியில் இருந்து சாப்பிட்டாளாம்.