மருந்து காயும் வரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், எங்கள் கரையோர ஊர்களில் ஒன்றின் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளுக்கான வாட்டில் நான் நர்ஸாக இருந்தேன். சனங்கள் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு மாரிகாலத்தில், சேலைன் ஏற்றிய சில குழந்தைகளுக்கு, வந்த நோய் தணிந்த பிறகு புதிதாகக் காய்ச்சல் கண்டது. ஊசி ஏறிய இடம் சிவந்து தடித்தது. அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த பெண் டாக்டர் யாரையும் ஏசவில்லை. ஒரு காலை முழுக்க எங்களோடு நின்று நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த அகன்ற வாய்ப் போத்தலைத் தூக்கினார். ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு அதில் எப்போதும் நிறைந்திருக்கும். ஸ்பிரிட் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வோம். ஆளாளுக்குக் கைவிட்டு எடுப்போம். கிருமியைக் கொல்ல வைத்த போத்தலிலேயே கிருமி குடியிருக்கலாம் என்றார் அவர்.

அன்றோடு அந்தப் போத்தல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் புதிய பஞ்சு, சின்னப் போத்தலில் புதிய மருந்து. பஞ்சிலிருந்து மருந்து சொட்டக் கூடாது. குறைமாதக் குழந்தையின் முதுகுக்கடியில் ஸ்பிரிட் தேங்கினால் அந்தத் தோல் வெந்துவிடும். துடைத்த இடத்தைத் திரும்ப விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், துடைத்த மருந்து தானாகக் காய்ந்த பிறகே ஊசி ஏற்ற வேண்டும்.

காயும் வரை நிற்பதுதான் பெரும்பாடு. நரம்பு கிடைப்பதே அரிது. கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். குழந்தை வீறிடும். தாய் நம் முகத்தையே பார்ப்பாள். கை தானாக ஊசிக்குப் போகும். பொறுமைக்காக நான் மனதுக்குள் குர்ஆனின் சின்ன அத்தியாயமான குல்ஹுவல்லாஹு சூறாவை மூன்று தரம் ஓதப் பழகினேன். ஓதி முடிய மருந்தும் காய்ந்திருக்கும்.

அந்த நாட்களில் காரைதீவுப் பக்கமிருந்து ஒரு தமிழ்ப் பெண், உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கும் ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். புருஷன் வயலுக்குப் போன இடத்தில் சண்டையால் பாதை மூடிவிட, அங்கேயே மாட்டிக்கொண்டான். அவளோடு துணைக்கு யாருமில்லை. எங்கள் முஸ்லிம் ஊருக்குள் வந்து தனியே நிற்பது அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். அந்த வருடங்களில் இரண்டு பக்கத்து ஆட்களும் எண்ணித்தான் கதைத்தோம்.

குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டு நான் நின்றபோது அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

“ஏன் மிஸ்ஸி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கெதியாக் குத்தி முடிங்களன்.”

மருந்து காய்ந்தால்தான் கிருமி சாகும், ஈரத்தில் குத்தினால் அது ஊசியோடு உள்ளே போகும் என்று சொன்னேன்.

மறுநாள் அந்தக் கை வீங்கிவிட்டது. கனூலா என்ற அந்த மெல்லிய குழாயைக் கழற்றிக் காலில் ஏற்ற வேண்டியிருந்தது. துடைத்துவிட்டு நின்றேன். அசதியில் என் வாய் என்னை மறந்து சத்தமாகவே முணுமுணுத்திருக்கிறது. குழாய் ஏறி, பிளாஸ்டர் ஒட்டி நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ட புள்ளைக்கி என்னவோ ஓதினீங்க, என்ன?”

வேற்று மதத்துப் பிள்ளைக்கு ஓதிவிட்டாள் என்று கதை கிளம்பினால் எங்கே போய் நிற்கும்? நேரம் பிடிப்பதற்காக மட்டுமே ஓதுகிறேன், எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்றேன்.

அவள் குழந்தையின் காலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“ஓம், பரவால்ல. அரைவாசியில மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க.”

அதன் பிறகு நான் வாய்விட்டே ஓதினேன். கட்டிலின் மறுபக்கம் நின்று அவளும் பிள்ளையாரைக் கூப்பிடுவாள். தலைமை நர்ஸ் ஒரு தடவை அதைக் கண்டு, இது வாட்டா கோயிலா பள்ளிவாசலா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். புதிய முறைக்கு முதலில் முகம் சுளித்தவரும் அவர்தான். துடைத்த இடத்தை விரலால் தொடும் ஆட்களைப் பிறகு அவரே பிடித்து ஏசினார்.

அந்த மாரியில் எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன என்று சொல்ல முடியாது. ஆனால் ஊசி வழியாக வந்த காய்ச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. காரைதீவுக் குழந்தை ஒரு காலையில் தாயின் மார்பைப் பிடித்து இழுத்துக் குடித்தது. சத்தம் கேட்குமளவுக்குக் குடித்தது. அவள் அழுதாள். நான் வேறு வேலை இருப்பதுபோல் அப்பால் போனேன்.

பாதை திறந்ததும் புருஷன் வந்து சேர்ந்தான். காலில் வயற்சேறு காய்ந்திருந்தது. பிள்ளையைத் தொடக் கை நீட்டியவனை அவள் தடுத்து, முதலில் போய் சோப்புப் போட்டுக் கைகழுவி, தானாகக் காயவிட்டு வரச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் போனான். கழுவிய கையைத் துடைக்காமல், விரல்களை விரித்து முன்னால் பிடித்தபடியே திரும்பி வந்தான்.