ஜீப்பில் இறங்கிப் போனவள்

“…அம்புட்டுத் தூரம் போயிட்டு, அப்ப அவளும் திரும்பி வந்துட்டாளா?” என்று கேட்டார் ராசிங்காபுரத்து அக்கா. ஏலக்காய் பொறுக்கிய கை சொளகிலேயே நின்றுவிட்டது.

கேட்டது என் சித்தியிடம். திரும்பி வந்தவளோ உலகத்தில் இல்லாதவள். சித்தி சொன்ன கதையில் மட்டும் இருந்தவள்.

சித்தி, என் அம்மாவின் தங்கை, கதை எழுதுவார். போடியில் எங்களுக்குத் தெரிந்து அப்படி ஒரு பெண் அதற்கு முன் இருந்ததில்லை. பகலில் அம்மாவோடு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. நல்ல பச்சை ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் மறுபக்கம். எழுதுவதற்கு முன் எதையும் அங்கேதான் சொல்லிப் பார்ப்பார். கதை நடக்கும் நாளில் மற்றப் பெண்கள் சித்தியின் பங்குக் காயையும் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிப் பொறுக்கிவிடுவார்கள். “நீ வாயத் தொற. கைச் சோலிய நாங்க பாத்துக்கிறோம்” என்பாள் அம்மா. சூப்பர்வைசர் அண்ணனும் கண்டுகொள்வதில்லை. கதை ஓடினால் காயும் வெரசாக ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பள்ளி விடுமுறையில் நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கதையில், எஸ்டேட்டில் ஒருத்தி, அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, வேலையாட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே மலையிறங்கிப் போய்விட்டாள். அன்று முதல் ராசிங்காபுரத்து அக்காவுக்குக் கேள்விதான்.

“போன எடத்துல சோத்துக்கு என்ன செய்வா?”

“கம்பத்துல ஒரு தையக் கடையில சேத்துவிட்டிருக்கேன்க்கா, கவலப்படாதீக” என்றார் சித்தி.

“அவ அண்ணன்மாரு தேடி வரமாட்டாகளா?”

“வரட்டும். கத்திரி எதுக்கு இருக்கு?”

கடையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் ராசிங்காபுரத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்து, எங்கள் தெருவில் தாய் வீட்டில் இருந்தவர். திரும்பிப் போகச் சொல்லி அண்ணன்மார் நெருக்கிக்கொண்டிருந்தது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கடம் சித்தப்பா வழியாக வந்தது. அவர் ஜீப் ஓட்டுபவர். “என்ன மாப்ளே, ஒம் பொண்டாட்டி எவளையோ மலையில இருந்து ஏத்திவிட்டாளாமே, அது உன் வண்டியா? வாடகையாச்சும் குடுத்தாளா?” என்று ஸ்டாண்டில் தினமும் கேலி. சித்தி மேல் ஒருநாளும் கை ஓங்காத மனுஷன் அவர். ஊர் அவரைப் போய் அந்தக் கதைப் புருஷனோடு சேர்த்துப் பேசியது பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே சித்தியிடம் சொன்னார்:

“பத்திரிகைல என்னமும் எழுதிக்க. அத இங்கன எவன் படிக்கப் போறான்? கடையில மட்டும், அவ வந்துட்டான்னு சொல்லிரு. இல்லாட்டி வீட்டுக்குப் பெரியவரு எங்க அண்ணன், அவரு உன்னை எழுதவே விடமாட்டாரு. என்னால தடுக்க முடியாது.”

தான் பெரிய மனது பண்ணியதாகவே அவர் நினைத்தார். சித்தியும் எழுத்தாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் தலை நிமிராமல் சொன்னார். பிள்ளை நினைப்பு வந்து, அவள் அடுத்த வண்டியிலேயே மலையேறிவிட்டாளாம். எனக்கு ஒரே சந்தோஷம். அவள் விட்டுவிட்டுப் போன பாப்பாவுக்குக் கதையில் என் வயது. அப்போதுதான் அக்கா அப்படிக் கேட்டார்.

“ஆமாக்கா” என்றார் சித்தி.

பல மாதம் கழித்து அச்சில் வந்த கதையில் அவள் திரும்பவே இல்லை. கம்பத்தில் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காலத்திலேயே இப்படியொரு முடிவா என்று இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சித்தியைத் தேடி வருகிறார்கள். சித்தி டீ போட்டுக் கொடுக்கிறார், மற்ற கதைகளைப் பற்றியெல்லாம் பேசுகிறார். ராசிங்காபுரத்து அக்காவுக்கு எழுத்துத் தெரியாது.

சித்தி கடையில் முடிவை மாற்றிச் சொன்ன அன்று சாயங்காலம், வேலை விட்டதும் அக்கா எங்களோடு தெருவுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். சித்தி பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தார்.

“அக்கா, அது நான் மாத்திச் சொன்னது. அவ வரலக்கா. நெசமா வரல.”

“இருக்கட்டும் தாயி” என்று அக்கா கையை விடுவித்துக்கொண்டார். “கதையிலயே அவள ஒன்னால அங்கன வச்சிருக்க முடியல. நான் எம்புட்டு நாளைக்கு?”

ராசிங்காபுரம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினார். அத்தனை கூட்டத்திலும் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று எனக்குப் பொறாமை. ஊருக்குப் போகிறவரைப் பார்த்துச் சித்தி எதற்கு அழுகிறார் என்று விளங்காமல், நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.