மேற்குப் பக்கத்துத் தொகை

சப்பானியன் மலாயாவைப் பிடிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு சிறு தீவில் பள்ளிக்கூட வாத்தியாராக, ஊர்ப் பேச்சில் சட்டம்பியாராக, இருந்தேன். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது கிழக்கே, ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் வளவுக்கு அருகில் இருந்தது. நாங்கள் மேற்குக் கரையில், குருநகரிலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பங்களுக்கு நடுவே இருந்தோம்.

மேற்கிலும் ஒரு கிணறு வேண்டுமென்று தை மாதத்தில் விதானையாரிடம் போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

“உங்கடை பக்கத்திலை ஆர் இருக்கினம், சட்டம்பியார்? இண்டைக்கு வந்து நாளைக்குப் போற சனம். உமக்குத் தண்ணி வேணுமெண்டால் மனிசியை ரண்டு நடை கூட நடக்கச் சொல்லும்.”

மாசி மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி குடத்தோடு திரும்பும் வழியில் விழுந்தாள். சனிக்கிழமை விடியப் பிள்ளை இறந்து பிறந்தது. அன்று முதல் எனக்கு விதானையாரைத் தவிர வேறு நினைவு இருக்கவில்லை.

பங்குனியில் யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து அறிவித்தல் வந்தது. புதிதாக ஒரு கிணறு வெட்டப்படும். எந்தப் பக்கத்தில் சனம் கூடுதலோ அந்தப் பக்கத்தில். ஆட்களை எண்ணித் தொகை எடுத்துக் கொடுப்பது விதானையாரின் வேலை.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கிழக்கில் வீட்டுக்கு ஒருவராவது மலாயாவிலோ கொழும்பிலோ இருந்தார். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். உயிரோடிருப்பவனைத் தொகையில் சேர்க்காமல் விடுவது அவனுக்குச் செத்தவீட்டு அந்தியேட்டி செய்வதற்குச் சமம் என்பது அங்குள்ள தாய்மாரின் எண்ணம். அவர்கள் சொன்னதை விதானையார் அப்படியே எழுதிக்கொண்டார். மேற்கில் கடலுக்குப் போயிருந்தவர்களை மட்டும் ஆளில்லை என்று விட்டுவிட்டார்.

தீவுக்கு வந்த நாள் முதல், தோணியில் போனவர் வந்தவர், பிறந்தவர் இறந்தவர் எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதி வைப்பது என் பழக்கம். போனவர்களைக் கழித்தேன், வந்தவர்களைக் கூட்டினேன். மேற்கில் வீடு வீடாக நானே போய், கடலுக்குப் போயிருந்தவர்களையும் சேர்த்து எண்ணினேன். கிழக்கில் சந்தேகம் வந்த வீடுகளைப் பற்றி, அங்கே உடுப்பு வெளுக்கும் கட்டாடியிடம் விசாரித்தேன்.

“மலாயாவிலை இருக்கிறவரின்ரை வேட்டி என்னட்டை வாறேல்லை, நயினார்” என்றார் அவர். பிறகு எந்த வீட்டிலிருந்து எத்தனை பேருடைய உடுப்பு வருகிறதென்று விரல் மடித்துச் சொன்னார்.

சித்திரை கடைசிச் செவ்வாய்க்கிழமை கச்சேரி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இரு பக்கத்தாரும் கூடியிருந்தார்கள். விதானையார் தம் பட்டியலை வாசித்தார். முடிந்ததும் நான் எழுந்தேன்.

“முதல் வீட்டிலையிருந்து துவங்குவம், ஐயா. விதானையாரின்ரை மூத்த மகன். எட்டு வருசத்துக்கு முந்தி, ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை தோணி ஏறினவர். அதுக்குப் பிறகு ஊர் மண்ணை மிதிக்கேல்லை. ஒரு கடதாசியும் போடேல்லை.”

கடைசி வார்த்தைகளை அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் நின்ற விதானையாரின் மனைவியைப் பார்த்துச் சொன்னேன்.

“அவன் வருவான், ஐயா” என்றார் அந்த அம்மா. “பேர் கிடக்கட்டும்.”

அதிகாரி அந்தப் பெயரை வெட்டினார். நான் அடுத்த வீட்டை வாசித்தேன். அதற்கடுத்த வீட்டையும். ஒவ்வொரு பெயருக்கும் திகதி சொன்னேன்.

விதானையார் என் பட்டியலைப் பறித்து விரலை ஓட்டினார். என் வீட்டு வரியில் விரல் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

“இஞ்சை பாருங்கோ, ஐயா. திகதிக்காரர் தன்ரை வீட்டிலை மூண்டு பேர் எண்டு எழுதியிருக்கிறார். புருசனும் பெண்சாதியும்தான் இருக்கினம். மூண்டாம் ஆள் எங்கை ஒளிச்சிருக்கு?”

அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்கவேண்டுமென்றுதான் எழுதியிருந்தேன்.

“ஒளிக்கேல்லை, விதானையார். உங்கடை கிணத்தடியிலையிருந்து எங்கடை வீட்டுக்கு வாற வழியிலை போன பிள்ளை. மாசி மாதம், ரண்டாம் வியாழன். ரண்டு நடை கூட நடக்கச் சொன்னது நீங்கள்.”

விதானையார் பட்டியலை மேசையில் வைத்தார். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு இதை எழுதும்போதும் வரவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பி, “இதையும் வெட்டத்தான் வேணும், சட்டம்பியார்” என்றார் மெதுவாக.

“ஓம், ஐயா. வெட்டுங்கோ.”

மேற்குப் பக்கத்துத் தொகையில் அவர் ஒன்றைக் கழித்தார். கழித்த பிறகும் நாங்கள்தான் கூடுதலாக இருந்தோம்.