தறிக்குழியில் தபால் ஆபீஸ்

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவர் காலி செய்த வீட்டைத் தபால் ஆபீஸாக மாற்ற வந்தவர் அந்த மேஸ்திரி. மருதாணிச் சிவப்பில் தாடி, காதில் செருகிய பென்சில். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. பக்கத்துச் சுவரை விரல்முட்டியால் தட்டி, அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். போஸ்ட்மாஸ்டர் நான், மரியாதையெல்லாம் சுவருக்கு.

கூடத்தின் நடுவே தறிக்குழி இருந்தது. நெய்பவர் தரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கான பள்ளம்.

"இதை மூடிவிட்டு மேஜை நாற்காலி போடும்" என்றேன்.

தட்டினார், கேட்டார். "குழி நல்லாத்தானே இருக்குது சாமி. எதுக்கு மூடணும்? ஒக்காந்து பாருங்க."

"சர்க்கார் உத்தியோகஸ்தன் குழியிலா உட்காருவான்?"

"காலுதான் சாமி குழியில. உத்தியோகம் மேலதானே இருக்கும்!"

மறுநாள் போனால், குழியின் விளிம்பில் வழவழப்பான பலகை, எதிரே குட்டை மேஜை. உட்கார்ந்துகொண்டு திட்டலாம் என்று உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த தவறு. காலடியில் குளுமை, முதுகுக்கு இதம். திட்ட மனம் வரவில்லை. கடிதம் வரவில்லையென்று சண்டைக்கு வந்தவர்களும் என் முகம் பார்க்கத் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர்களுக்குக் குரல் எழும்பவில்லை. சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பிவிட்டுத் தாம் உட்கார்ந்தவர், சாயங்காலம்வரை எழுந்திருக்கவே இல்லை.

பிறகு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றல். எங்கும் புதுக் கட்டடம், நாற்காலி, முதுகுவலி. யாரும் பார்க்காதபோது நானும் சுவரைத் தட்டிக் காதை வைத்துப் பார்க்கிறேன். இதுவரை ஒரு சுவரும் என்னை மதித்துப் பேசவில்லை.